ஹேசலின் காரும் கிளிஃபின் நோட்டுப் புத்தகமும்

எங்கள் ஹார்ல்பெக் ஊரில் கல் குவாரி லாரியை நடுரோட்டில் நிறுத்தக்கூடிய ஆள் ஒருத்திதான். ஹேசல் ஓர்மராட். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் கூட இருப்பாள், அவ்வளவுதான் உயரம். முட்டிக்குக் கீழே தொங்கும் மஞ்சள் கோட்டு, தொப்பி, கையில் தன்னைவிட உயரமான கம்பு, கம்பின் நுனியில் ‘நில்’ என்று எழுதிய வட்டப் பலகை. தொடக்கப் பள்ளிக்கு எதிரே காலையில் எட்டே காலிலிருந்து ஒன்பதே கால் வரை, பிற்பகல் மூன்றிலிருந்து நான்கு வரை நிற்பாள். கம்பை ஊன்றிக்கொண்டு அவள் நடுவில் வந்து நின்றால் எந்த லாரியும் நின்றாக வேண்டும். குச்சி மிட்டாய் மாதிரி அந்தப் பலகையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைக்கும் அவளைப் பிள்ளைகள் லாலிபாப் அம்மா என்பார்கள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு பிள்ளைக்கும் முட்டி சிராய்த்ததுகூடக் கிடையாது.

ஒரே ஒருமுறை அவள்மேல் புகார் வந்தது. பலகையைப் பார்த்தும் நிற்காமல் ஊர்ந்த டாக்ஸி ஒன்றின் மூக்கில் கம்பால் நாலு தட்டு தட்டிவிட்டாள். அந்தப் புகார்க் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டியிருக்கிறாள். அப்படிப்பட்டவள், போன தை மாதம் நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு வந்து, சமையல் புத்தக அலமாரிக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினாள்.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத் தெருவில் கார் நிறுத்த முடியாது, ஓரம் முழுக்க இரட்டை மஞ்சள் கோடு. எதிரே சூப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்தம் இருக்கிறது, இரண்டு மணி நேரம் இலவசம். ஹேசல் காலையில் அங்கே தன் சிவப்பு ஃபியட்டை விடுவாள். பிள்ளைகள் உள்ளே போனதும் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு நாலு மைல் தள்ளி மில் தெருவிலிருக்கும் வீட்டுக்குப் போய்விடுவாள். இடுப்பெலும்பு ஆபரேஷனுக்கு வரிசையில் காத்திருக்கும் புருஷன் ஃபிராங்குக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். பிற்பகல் திரும்பி வந்து அதே இடத்தில் நிறுத்துவாள். ஆக ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது.

போன செப்டம்பரில் அந்த இடத்தின் சொந்தக்காரர்கள் அதை ஒரு தனியார் பார்க்கிங் நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் வாசலில் ஒரு கம்பம் நட்டு கேமரா வைத்தார்கள். அந்தக் கேமரா சில நாளில் ஹேசல் காலையில் உள்ளே வந்ததைப் பிடித்தது, மாலையில் வெளியே போனதைப் பிடித்தது. நடுவில் அவள் போனதையும் வந்ததையும் கோட்டை விட்டது. ரொட்டி லாரியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனால் அதற்கு நம்பர் பலகை எங்கே தெரியப்போகிறது! ‘தாங்கள் எட்டு மணி ஏழு நிமிடம் நிறுத்தியுள்ளீர்கள், நூறு பவுண்டு கட்டவும்’ என்று கடிதம் வந்தது. காலைப் படம் ஒன்று, மாலைப் படம் ஒன்று, இரண்டிலும் அதே சிவப்பு ஃபியட்.

இந்த இடத்தில்தான் ஃபிராங்க் தன் மேதாவித்தனத்தைக் காட்டினான்.

“தூக்கிக் குப்பையில போடு. தனியார்க்காரன் அனுப்புற சீட்டு சட்டப்படி செல்லாது. பப்புல யாரை வேணா கேளு.”

அது ஒரு காலத்தில் ஓரளவு சரியாக இருந்திருக்கலாம். சட்டம் மாறிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அந்தச் செய்தி இன்னும் எங்கள் ஊர் பப்புக்கு வந்து சேரவில்லை. சேரவும் சேராது, அங்கே உட்கார்ந்திருக்கும் வக்கீல்கள் எல்லாருமே ஓய்வு பெற்ற பிளம்பர்கள்.

ஹேசல் கடிதத்தைக் குப்பையில் போட்டாள். அடுத்ததையும் போட்டாள். கிறிஸ்துமஸுக்குள் ஏழு வெவ்வேறு நாளுக்கு ஏழு கடிதம். பிறகு சிவப்பு எழுத்தில் வசூல்காரர்களின் மிரட்டல், ஒவ்வொன்றுக்கும் எழுபது பவுண்டு கூடுதல். தை பிறந்ததும் ‘முப்பது நாளில் கட்டாவிட்டால் நீதிமன்றம்’ என்று கனமான உறை வந்தது. அப்போதுதான் பயந்துபோய் எழுதிக் கேட்டாள். ‘மேல்முறையீட்டுக் காலம் முடிந்துவிட்டது, தாங்கள் இடையில் வெளியேறியதற்கு ஆதாரமும் இல்லை’ என்று பதில் வந்தது.

“நான் அங்க இருந்தேன்னு அவன் நிரூபிக்கட்டும். இல்லவே இல்லைங்கறத நான் எப்படிடி நிரூபிக்கறது, மோய்ரா?” என்றாள் அலமாரிக்குப் பின்னால்.

மொத்தம் அவளுடைய பத்து வாரச் சம்பளம். ஆனால் அவளை அழ வைத்தது அதுவல்ல.

“ஈஸ்டரோட நின்னுக்கறேன். தினம் வேலைக்குப் போய் தினம் தண்டம் கட்ட என்னால ஆகாது. வேற எங்கயும் நிறுத்த இடமில்ல, அந்நேரத்துக்கு பஸ்ஸும் இல்ல.”

“நீ நின்னா?”

“நின்னா என்ன? கம்பைத் திருப்பி வாங்கிட்டுப் போயிடுவாங்க. ஆளு போனா வேலையும் போச்சுன்னு கவுன்சில்ல முடிவு பண்ணிட்டாங்களே. சர்ச் ரோட்ல என்னை மாதிரியே நின்ன டாட் போனப்புறம், அங்க இப்ப யாரு நிக்கறா? ஒருத்தரும் இல்ல. இங்கயும் அதான். நூத்தி எண்பது பிள்ளைங்க, மோய்ரா. அந்த லாரிங்க.”

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. நூலகம் என்றுகூடப் பார்க்காமல் அந்த நிறுவனத்தை, அதன் கேமராவை, ஃபிராங்கை, எல்லாரையும் ஒரு பிடி பிடித்தேன். பிறகு சொன்னேன், சனிக்கிழமை வா, எம்.பி. இங்கேதான் உட்காருவார், அவரிடம் கேள் என்று.

“நானா? அவங்ககிட்டப் போய் நான் எதுவும் கேட்டதே இல்லடி. ஓட்டே ஒழுங்காப் போட்டதில்ல.”

“அது அவருக்குத் தெரியவா போகுது? வா.”

மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்கள் எம்.பி. மார்கஸ் வீலனும் கவுன்சிலர் நஸ்ரீன் அக்தரும் நூலகத்தில் சேர்ந்து உட்கார்ந்து மக்கள் குறை கேட்பார்கள். சிறுவர் பகுதியில்தான் இடம் இருக்கிறது. ஆகவே அவர்களுக்குக் குட்டி நாற்காலி. வீலன் ஆறடிக்கு மேல், முழங்கால் மோவாயைத் தொடும். பின்னால் சுவரில் காகித டைனோசர்கள். இந்தக் கோலத்தில் யாரும் ரொம்ப கெத்து காட்ட முடியாது, அதனாலேயே எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கும்.

ஹேசல் போட்டிருந்தது கல்யாண வீட்டுக்குப் போடும் நீல உடுப்பு. வசூல்காரர்களின் கடிதங்களையும் குப்பையிலிருந்து மீட்டவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்திருந்தாள், சிலதில் டீத்தூள் கறை. வீலன் ஒவ்வொன்றாகப் படித்தார். நல்ல மனுஷன், நடுவில் போனைப் பார்க்கவில்லை.

“அம்மா, இது அநியாயம்தான். நான் அந்தக் கம்பெனித் தலைவருக்கும் எழுதறேன், இடத்துச் சொந்தக்காரங்களுக்கும் எழுதறேன். ஆனா அவங்க ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க. நடுவுல நீங்க வெளிய போனதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா? ரொட்டி வாங்கின ரசீது?”

“ரொட்டி ரசீதை யாராச்சும் வெச்சிருப்பாங்களா தம்பி?”

“யாராவது பாத்தவங்க?”

“என் புருஷன் பாத்தான்.”

“புருஷன் சொன்னா எடுபடாது.”

“எங்க வீட்லயும் எடுபடாது” என்றாள் ஹேசல். சிரித்தாள், ஆனால் கண் கலங்கியிருந்தது.

அதுவரை குறிப்பெழுதிக்கொண்டிருந்த நஸ்ரீன் பேனாவை நிறுத்தினாள். கடிதத்திலிருந்த கார் படத்தை உற்றுப் பார்த்தாள்.

“ஹேசல், உங்க வீடு மில் தெருவா?”

“ஆமா.”

“இந்த சிவப்பு ஃபியட்டை... பதினாலாம் நம்பர் வீட்டு ஜன்னலுக்கு நேரா நிறுத்துவீங்களா?”

ஹேசலின் முதுகு நிமிர்ந்தது. “அது பொதுத் தெரு. என் வாசல்ல பஸ் ஸ்டாப்பு இருக்கு, நான் வேற எங்க நிறுத்தறது? ரோட்டை அவன் ஒண்ணும் விலைக்கு வாங்கல.”

நஸ்ரீன் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஒரு நிமிஷம் அழுகிறாளோ என்று நினைத்தேன். அழவில்லை.

“நான் இதைச் சொல்லவே கூடாது. ஒருத்தர் எனக்கு எழுதினதை இன்னொருத்தர்கிட்டச் சொல்றது தப்பு. நீங்களே போய் பதினாலாம் நம்பர்ல கேளுங்க. அவர் ஏதாவது எழுதி வெச்சிருக்காரான்னு மட்டும் கேளுங்க.”

“அவன்கிட்டயா? அதுக்கு நான் கோர்ட்டுக்கே போயிடறேன்” என்றாள் ஹேசல்.

பதினாலாம் நம்பரில் இருப்பவர் கிளிஃப் டூட்டில். எழுபத்து மூன்று வயது, ஒண்டிக்கட்டை. முப்பத்தைந்து வருஷம் வீடு வீடாகப் போய் எரிவாயு மீட்டரில் எண் பார்த்து எழுதியவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. தன் ஜன்னலுக்கு முன்னால் இருக்கும் சாலையின் பன்னிரண்டு அடி தனக்கே சொந்தம் என்பது அவர் எண்ணம். அவருக்குக் கார் கிடையாது. ஆனாலும் அங்கே ஆரஞ்சு நிறத்தில் ஒரு கூம்பு வைத்திருப்பார், சாலை வேலைக்காரர்கள் வைப்பார்களே, அது. ஹேசல் அதைத் தூக்கி நடைபாதையில் வைத்துவிட்டுக் காரை நிறுத்துவாள். ஆறு வருஷமாக இந்தச் சண்டை. பேச்சுவார்த்தை கிடையாது. எதிரெதிரே வந்துவிட்டால் ‘மிஸ்டர் டூட்டில்’, ‘மிஸஸ் ஓர்மராட்’ என்று அவ்வளவு மரியாதை. எங்கள் பக்கம் மரியாதை அந்த அளவுக்குப் போனால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

அன்று சாயங்காலமே நான் அவளை இழுத்துக்கொண்டு போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கதவு சங்கிலி நீளத்துக்குத் திறந்தது. அந்த இடைவெளியில் ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரிந்தன.

“மிஸஸ் ஓர்மராட்.”

“மிஸ்டர் டூட்டில். நீங்க... என் கார் வர்றது போறது ஏதாச்சும் எழுதி வெக்கறீங்களா?”

“எழுதறேன். அது என் உரிமை. ஆறு வருஷமா எழுதறேன். மாசா மாசம் நகல் எடுத்து கவுன்சிலருக்கு அனுப்பறேன். ஒரு நாய் அதைப் படிச்சதில்ல. இப்ப என்ன, மிரட்ட வந்திருக்கியா? துணைக்கு லைப்ரரிக்காரி வேற.”

“மிரட்டல. எனக்கு அது வேணும்.”

“எதுக்கு? கொளுத்தவா?”

ஹேசல் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். கேமரா, ஏழு கடிதம், கோர்ட்டு, ஈஸ்டர், கம்பு, நூற்று எண்பது பிள்ளைகள். மழை அவள் தொப்பியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்த கண் அசையவில்லை.

“அப்ப நீ வந்து என் ஜன்னலை மறைச்ச நேரமெல்லாம்தான் இப்ப உனக்கு வேணும்.”

“ஆமாய்யா. ஒவ்வொரு நிமிஷமும் வேணும். எம்.பி. கேக்கறார்.”

“யாரு?”

“எம்.பி. அவரே படிக்கப் போறார்.”

சங்கிலி கழன்றது.

அவருடைய முன்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரு நாற்காலி, ஒரு சிறு மேஜை, நூலில் கட்டிய பென்சில். அலமாரியில் பதினொரு நோட்டுப் புத்தகங்கள், முதுகில் ஆண்டு எழுதி வரிசையாக. கிளிஃப் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ‘தேதி சொல்லு’ என்றார், வங்கி மேலாளர் மாதிரி.

“செப்டம்பர் பன்னெண்டு.”

“வியாழன். ஒன்பது நாப்பத்தொண்ணு, வந்தாள். கூம்பை நகர்த்தினாள். ரெண்டு முப்பத்தொண்ணு, போனாள். கூம்பைத் திருப்பி வைக்கவில்லை.” கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் சத்தமாகவே படித்தார்.

ஹேசல் என் கையைப் பிடித்தாள். அடுத்த தேதியும் இருந்தது. அதற்கடுத்ததும் இருந்தது. காரின் நம்பர், நேரம், வானிலை எல்லாம் கச்சிதம். ஆறு தேதி சரியாக வந்தது. ஏழாவது நவம்பர் இருபத்தொன்று. கிளிஃப் பக்கத்தைப் புரட்டி முகத்தைச் சுருக்கினார்.

“அன்னிக்கு எனக்குக் கண் ஆபரேஷன்.”

ஹேசல் நோட்டின் மேல் குனிந்தாள்.

“பத்து மணிக்குத்தான் என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. ஒன்பதரைக்கு எழுதிட்டுத்தான் போனேன். ரெண்டு மணிக்குத் திரும்பி வந்துட்டேன். இதோ பாரு. ஒத்தக் கண்ணால எழுதினது, கோணலா இருக்கும்.”

கோணலாகத்தான் இருந்தது. வரி பக்கத்தின் ஓரத்தில் சரிந்து கீழே இறங்கியது. ஆனால் நேரம் இருந்தது, நம்பர் இருந்தது. கண்ணில் கட்டோடு வீட்டுக்கு வந்த மனுஷன் முதல் வேலையாக ஹேசலின் கார் கிளம்பியதை எழுதியிருக்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஹேசல் சிரிக்கவில்லை. அவள் அந்த நோட்டை வாங்கித் தானே புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. அவளுக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்த வாரம் அது. நானும் எட்டிப் பார்த்தேன். திங்கள்: கார் நகரவில்லை. செவ்வாய்: நகரவில்லை. புதன்: நகரவில்லை, அவள் வீட்டு மாடியில் விளக்கு எரிகிறது, பரவாயில்லை.

“என்னய்யா இது?” என்றாள்.

“பதிவுன்னா முழுசா இருக்கணும்” என்றார் கிளிஃப், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. காது சிவந்துவிட்டது.

பிறகு ஹேசல், “கூம்பைத் திருப்பி வெக்காதது என் தப்புதான்” என்றாள். ஆறு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்தது அதுதான் முதல்முறை. கிளிஃப் கெட்டிலில் தண்ணீர் வைக்கப் போனார்.

திங்கட்கிழமை கிளிஃப் கழுத்தில் டை கட்டிக்கொண்டு, நோட்டுகளை மளிகைப் பையில் போட்டுக்கொண்டு, ரொட்டிக் கடைக்கு மேல் மாடியிலிருக்கும் எம்.பி. அலுவலகத்துக்கு வந்தார். ஹேசலின் காரில்தான் வந்தார். வழியெல்லாம் அவள் கியர் போடுவது சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தாராம். வீலன் ஏழு பக்கத்தையும் படித்தார். பிறகு முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார்.

“மிஸ்டர் டூட்டில், இப்படி ஒரு ஆதாரத்தை நான் பாத்ததே இல்ல. இந்தம்மாவைப் பிடிக்காத ஒருத்தர், இந்தம்மாவுக்கு எதிரா எழுதினது. இதை யாரு பொய்ன்னு சொல்ல முடியும்?”

கிளிஃபுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு பைக்குள் கைவிட்டு இன்னொரு நோட்டை எடுத்தார். “இது குப்பைத்தொட்டி சம்பந்தமா. பத்தாம் நம்பர்க்காரன்...” என்று ஆரம்பித்தார். வீலன் அதையும் அரை மணி நேரம் கேட்டார். ஓட்டு வாங்குவதென்றால் சும்மாவா!

நாடாளுமன்றத்தின் பச்சைச் சின்னம் அச்சடித்த தாளில் இரண்டு கடிதம் போயின, ஒன்று பார்க்கிங் நிறுவனத்துக்கு, ஒன்று இடத்துச் சொந்தக்காரர்களுக்கு. நோட்டுப் பக்கங்களின் நகல் கூடவே. அதன் பிறகு காத்திருப்பு. கோர்ட்டுக் கெடுவில் எட்டு நாள் மிச்சம். ஹேசல் தபால்காரரைத் தெருமுனையிலேயே மறிக்க ஆரம்பித்தாள், கம்பு இல்லாத குறை ஒன்றுதான்.

ஐந்தாம் நாள் காலை பத்தரைக்கு நூலகக் கதவு படீரென்று திறந்தது. ஹேசல் கையில் திறந்த உறை.

“ரத்து! ஏழும் ரத்து! மோய்ரா, ஏழும்டி!”

கணினி அருகே இருந்தவர்கள், பத்திரிகை படித்தவர்கள், தாலாட்டுப் பாட்டு வகுப்புக்கு வந்த கைக்குழந்தைக்காரிகள் எல்லாரும் திரும்பினார்கள். அமைதி காக்கவும் என்று எழுதிய பலகைக்கு அடியிலேயே நின்று நானும் கத்தினேன். நிம்மதி என்றால் அப்படியொரு நிம்மதி. கடிதத்தில், ‘நல்லெண்ணத்தின் அடிப்படையில் மட்டுமே’ ரத்து செய்வதாக எழுதியிருந்தார்கள்.

“நல்லெண்ணமாம்ல, நல்லெண்ணம்! எம்.பி. தாளைப் பாத்ததும் எங்கேருந்து ஊறுதுன்னு பாரு” என்றாள் ஹேசல், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். கீழே இன்னொரு வரியும் இருந்தது. பள்ளி நாட்களில் அவள் கார் எத்தனை தடவை வந்தாலும் போனாலும் இனிமேல் கேமரா கண்டுகொள்ளாது. இடத்துச் சொந்தக்காரர்கள் அவள் நம்பரைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

அன்று பிற்பகல் நூலகத்தை உதவியாளரிடம் விட்டுவிட்டுப் பள்ளி வாசலுக்குப் போய் நின்றேன். மூன்றேகாலுக்கு மணி அடித்தது, பிள்ளைகள் பொங்கிக்கொண்டு வந்தார்கள். குவாரி லாரி ஒன்று சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தது. ஹேசல் நடுரோட்டில் போய் கம்பை ஊன்றினாள். லாரி புஸ்ஸென்று நின்றது. அவள் ஓட்டுநரைப் பார்த்து ஒரு தலையசைப்புக்கூடத் தரவில்லை, வழக்கம்போல. ஈஸ்டரைப் பற்றி அதன்பின் அவள் பேசவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து எனக்கு விடுப்பான ஒரு நாள் காலையில் ஃபிராங்குக்குப் பெரிய எழுத்துப் புத்தகம் கொடுக்க மில் தெருவுக்குப் போனேன். பதினாலாம் நம்பர் ஜன்னலுக்கு முன்னால் சாலையில் ஆரஞ்சுக் கூம்பு நின்றுகொண்டிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. காரியம் முடிந்ததும் பழையபடி ஆரம்பித்துவிட்டாரே இந்த மனுஷன் என்று, நாலு வார்த்தை கேட்டே விடுவது என்ற முடிவோடு கதவைத் தட்டப் போனேன். அதற்குள் அவரே வெளியே வந்துவிட்டார், வீட்டுச் செருப்போடு. என்னைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரே சாலையில் இறங்கிக் கூம்பைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டார். முனையில் சிவப்பு ஃபியட் திரும்பியது.

“இதை இன்னும் ஏன் வெக்கறீங்க, கிளிஃப்?” என்று கேட்டேன்.

“வெக்கலேன்னா?” என்றார், என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்து. “வேற எவனாவது வந்து அவ இடத்துல நிறுத்திடுவான்.”